லமெலோ பாலை ஷார்லட் வைத்துக்கொள்ள வேண்டுமா, கொடுத்துவிட வேண்டுமா?

பாளை காலைப்பந்து:

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். இந்த 2025 ஆனித் தேரோட்டம் முடிந்த நாளிலிருந்து, காலைப் பயிற்சி முடித்து டீக்கடைக்குப் போனால் எங்களுக்குள் இந்த ஒரு பேச்சுதான் ஓடுகிறது. அங்கே யார் குரல் பெரிதோ அவர் சொல்தான் நிற்கிறது. நிதானமாகப் பேசலாம் என்று இங்கே கொண்டுவருகிறேன்.

கேள்வி இதுதான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி, அடிக்கடி அடிபடுகிற தன் ஆட்டக்காரர் லமெலோ பாலை வைத்துக்கொள்ள வேண்டுமா, இல்லை கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே டிரேட் செய்துவிட, அதாவது வேறு அணிக்கு மாற்றிவிட வேண்டுமா?

முதலில் கணக்கு. 2020 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசை போட்டுப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில், மூன்றாவது ஆளாக எடுத்தார்கள். முதல் சீசனில் மணிக்கட்டு உடைந்தும் 51 மேட்ச் ஆடி, சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். அடுத்த சீசனில் 75 மேட்ச், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வு. அதோடு சரி. அதற்கடுத்த மூன்று சீசனில் 36, 22, 47. அணி ஆடிய மொத்தம் 246 மேட்ச்சில் அவர் ஆடியது 105தான். 2023 பிப்ரவரியில் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. அடுத்த சீசனிலும் அதே கணுக்கால். இந்த 2025 மார்ச்சில் கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் சேர்த்து சிகிச்சை என்று சொல்லி சீசனை முடித்துவிட்டார்கள். ஆனால் ஆடிய அந்த 47 மேட்ச்சில் சராசரி 25 பாயிண்ட், 7 அசிஸ்ட். 2025 ஆகஸ்டில்தான் 24 வயது முடிகிறது.

அணியோ 2016க்குப் பிறகு 2025 வரை, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2024-25 சீசனில் 19 வெற்றி, 63 தோல்வி. லமெலோவின் ஐந்து வருட ஒப்பந்தம் 2028-29 வரை இருக்கிறது. மொத்தம் 20 கோடி டாலருக்கு மேல். ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கிற வரம்பில் ஏறக்குறைய கால் பங்கு இந்த ஒருவருக்கே போகிறது.

என் கட்சி, வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்தப் பையன் மேல் பிரியம் இருக்கிறது, மறைக்கவில்லை. மார்கழிக் குளிரில் ஐந்தரை மணிக்கு எழுந்து, வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடாமல் சத்தத்தை அடைத்துவிட்டு, தோற்கப்போகிற அணி என்று தெரிந்தும் பார்த்தேன் என்றால் அவருடைய பாஸுக்காகத்தான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. அடிபட்ட ஆட்டக்காரனுக்கு முதலில் தேவை நாள். ஜெயிக்கிற அணியிடம் அது கிடையாது, ஏப்ரலில் பிளேஆஃப் வந்தால் ஆள் இறங்கியாக வேண்டும். அடியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிற அணியிடம் நாள் மட்டும்தான் தாராளமாக இருக்கிறது. அப்படிப்பட்ட அணியே அவரை ஆற விடாவிட்டால் வேறு எந்த அணி விடும்?

டவுன் தேரடி:

அண்ணாச்சி, அந்தத் தாராளமான நாளை நீங்கள் அவருக்கு ஐந்து சீசன் கொடுத்தாச்சு. இன்னும் எத்தனை?

நான் நியூ ஆர்லியன்ஸ் அணியைப் பார்த்து நொந்தவன். சயோன் வில்லியம்சனை 2019இல் முதல் ஆளாக எடுத்தார்கள். ஆறு சீசனில் அணி ஆடியது 472 மேட்ச், அவர் ஆடியது 214. 2021-22இல் ஒரு மேட்ச்கூட இல்லை. 2023-24இல் 70 மேட்ச் ஆடினார், சரி, தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விட்டோம். பிளேஆஃப் இடத்துக்காக நடக்கும் பிளே இன் மேட்ச்சில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 40 பாயிண்ட் அடித்துவிட்டு, தொடைத் தசை பிடித்து வெளியே போனார். 2025 வரை அவர் ஒரு பிளேஆஃப் மேட்ச் ஆடவில்லை. அடுத்த சீசன் மறுபடி 30. ஒவ்வொரு வருடமும் “இந்தத் தடவை பாருங்கள்” என்றே ஆறு வருடம் ஓடிவிட்டது.

எதிர்ப்பக்கம் ஓக்லஹோமா சிட்டி அணியைப் பாருங்கள். 2019இல் அவர்களுடைய ஆட்டக்காரர் பால் ஜார்ஜ் தன் வாழ்க்கையிலேயே சிறந்த சீசனை ஆடி முடித்திருந்தார். இரண்டு தோளிலும் அறுவை சிகிச்சை. கிளிப்பர்ஸ் அணி கேட்டதும் கொடுத்தார்கள். பதிலுக்கு ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர், ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், இன்னும் சிலது. அதில் வந்த ஒரு உரிமையில்தான் ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். 2025 ஜூனில் கோப்பை அவர்கள் கையில். விலை உச்சத்தில் இருக்கும்போது கொடுத்தவன் பிழைத்தான். லமெலோவுக்கு விலை இருக்கிற கடைசிக் கோடை இதுவாகக்கூட இருக்கலாம்.

களக்காடு வாழை:

எனக்கு இந்த ஆட்டத்தில் பெரிய விவரம் கிடையாது, மகன் பார்ப்பதால் பார்க்கிறேன். வாழை வைத்திருக்கிறேன். ஆடிக் காற்றுக்கு எது சாயும்? குலை தள்ளிய மரம்தான். தலையில் பாரம் இருப்பதால்தான் சாய்கிறது. அதை யாராவது வெட்டுகிறார்களா? சவுக்குக் கம்பு வாங்கி முட்டுக் கொடுக்கிறோம். காற்றடிக்கிற பக்கம் பார்த்து, குலைக்குக் கீழே கழுத்தில் படுகிற மாதிரி சாய்த்து ஊன்ற வேண்டும். இந்த அணி அந்தப் பையனுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன் தேரடி:

மாமா, உங்கள் தோட்டத்தில் ஆயிரம் மரம் இருக்கும். பத்து சாய்ந்தால் தொண்ணூற்று ஒன்பது சதவீதம் நிற்கிறது. கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒருவன், சம்பளத்தில் கால் பங்கு வாங்குகிறவன், பாதி நாள் படுத்திருந்தால் மீதி நாலு பேரும் சேர்ந்து சாய்கிறார்கள்.

வள்ளியூர் ரயில்:

தேரடி அண்ணன் சொன்ன ஓக்லஹோமாவிலேயே இன்னொரு கதை இருக்கிறது, அதை அவர் விட்டுவிட்டார். செட் ஹோம்கிரன். 2022 டிராஃப்டில் இரண்டாவது ஆள். சீசன் தொடங்கும் முன்பே பாதத்தில் அடி, முதல் சீசன் முழுக்க ஒரு மேட்ச் கிடையாது. அணி அவசரப்படவில்லை. அடுத்த சீசனில் 82க்கு 82 மேட்ச் ஆடினார். 2024 நவம்பரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, இருந்தும் பிப்ரவரி வரை இருத்திவைத்தார்கள். அந்த சீசனில் அவர் ஆடியது 32 மேட்ச்தான். கோப்பை வாங்கியபோது களத்தில் இருந்தார்.

கொடுத்ததால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. அதே அணிதான் ஒருவரை வைத்துக்கொண்டும் ஜெயித்திருக்கிறது.

பாளை காலைப்பந்து:

தம்பி சரியாகப் பிடித்தாய். நியூயார்க் நிக்ஸையும் சேர்த்துக்கொள். அவர்களுடைய ஆட்டக்காரர் போர்ஸிங்கிஸுக்கு 2018 பிப்ரவரியில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2019 ஜனவரியில் டல்லஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். சம்பள வரம்பில் இடம் பிடித்துப் பெரிய ஆட்களை இழுக்கலாம் என்று கணக்கு. அந்தப் பெரிய ஆட்கள், டுராண்டும் கைரி இர்விங்கும், அதே ஊரின் இன்னொரு அணியான புரூக்ளினுக்குப் போனார்கள். போர்ஸிங்கிஸ் 2024இல் பாஸ்டனோடு கோப்பை வாங்கினார்.

மேலப்பாளையம் பிஸியோ:

எல்லோரும் “அடிபடுகிற ஆள்” என்று ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். எந்த இடம், எதனால், திரும்பத் திரும்ப அதே இடமா என்று பார்க்காமல் வைப்பதா விற்பதா என்று முடிவெடுக்கக் கூடாது. நான் தினமும் கால்களைத் தொட்டுப் பார்த்துப் பிழைக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிரெக் ஓடன், 2007இல் டுராண்டுக்கு முன்னால் முதல் ஆளாகப் போர்ட்லண்ட் எடுத்தது. அவருக்கு முழங்கால். போர்ட்லண்டுக்கு மொத்தம் 82 மேட்ச்தான் ஆட முடிந்தது. யாவ் மிங்குக்குப் பாதத்து எலும்பு. அவ்வளவு உயரமும் எடையும் உள்ளவர்களுக்குப் பாதத்தின் நடு எலும்பிலோ முழங்கால் குருத்தெலும்பிலோ தேய்மானம் வந்தால், நாள் கொடுத்தாலும் பழைய நிலை வருவது கடினம். ஒவ்வொரு குதியும் அங்கேதான் இறங்குகிறது.

கணுக்கால் சுளுக்கு வேறு ரகம். ஒருமுறை சுளுக்கினால் மறுமுறை சுளுக்க வாய்ப்பு கூடுகிறது, அது உண்மை. வெளிப்பக்கத்து ஜவ்வு நீண்டு தளர்கிறது. அதைவிட முக்கியமாக, கால் எந்தக் கோணத்தில் தரையைத் தொடுகிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வு மந்தமாகிவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் பையன்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். வலி போய்விட்டது, உணர்வு திரும்பவில்லை. அடுத்த வாரம் யாருடைய காலையாவது மிதித்துவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் இதுதான் வாடிக்கை.

ஆனால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஸ்டீபன் கரியை மறந்துவிட்டீர்கள். 2011லும் 2012லும் அதே வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை. 2011-12 சீசனில் 26 மேட்ச்தான். அப்போது அவருடைய அணியான கோல்டன் ஸ்டேட் யாரை வேறு அணிக்கு அனுப்பியது? உடம்பு நன்றாக இருந்த, ரசிகர்களுக்கு உயிராக இருந்த மான்டா எல்லிஸை. அரங்கத்தில் முதலாளியைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். கரிக்கு நாலு வருடம் 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், கணுக்கால் பயத்தால்தான் அவ்வளவு குறைவு. பிறகு இடுப்பையும் பிட்டத் தசைகளையும் பலப்படுத்தினார்கள். திரும்புவதும் நிற்பதுமான சுமையை அங்கே ஏற்றினால் கணுக்கால் பிழைக்கும். அடுத்த சீசன் 78 மேட்ச். 2015லும் 2016லும் எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது. வாழை மாமா கேட்டாரே, முட்டு, அது இதுதான். அடி கணுக்காலில், முட்டு இடுப்பில்.

லமெலோவின் ஸ்கேன் என் கையில் இல்லை. ஆனால் பிரச்சினை பெரும்பாலும் கணுக்கால் என்கிற வரை, ஓடன் கணக்கில் அவரைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வண்ணார்பேட்டை சென்டர்:

ரொம்ப நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் கல்லூரி அணியில் சென்டர், அதாவது கூடைக்குக் கீழே நிற்கிற உயரமான ஆளாக ஆடியவன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மூன்றாம் வருடம், மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால், கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிந்தது. “டக்” என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது. அம்மா கன்னியாகுமரிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கால் ஊன்றக் கூடாது என்றார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால்கூட ஏதோ மிஞ்சியிருக்கும்.

எட்டாம் நாள் ஆள் வந்தது. “ஏல, வீக்கம் வத்திட்டுல்லா? ஒரு குவார்ட்டர் மட்டும் நில்லுல. நீ நின்னாலே அவனுவ உள்ள வரமாட்டானுவ.” அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவர், பீஸ் கட்டியவர். அதனால்தான் மறுக்க முடியவில்லை. தப்பையை நானே பிளேடால் அறுத்தேன். ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் இரண்டு சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஒரு குவார்ட்டர், அதாவது கால் பங்கு ஆட்டம், மூன்று குவார்ட்டர் ஆனது. ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நான் ஒற்றைக் காலில்தான் நிற்கிறேன், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கால் அதோடு போயிற்று. இன்றைக்குக் கல்யாண வீட்டில் பந்திப்பாய் போட்டால் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி தேடுகிறார்கள். ஜங்ஷன் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவேன்.

பிராண்டன் ராயைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதே போர்ட்லண்ட். 2010 ஏப்ரலில் முழங்கால் குருத்தெலும்பில் அறுவை சிகிச்சை. எட்டாவது நாள் பிளேஆஃப் மேட்ச்சில் இறங்கினார். அரங்கமே எழுந்து நின்றது, அணி ஜெயித்தது. 2011 டிசம்பரில், 27 வயதில், ஓய்வு என்று அறிவித்தார். பிறகு மினசோட்டாவில் திரும்ப முயன்று ஐந்து மேட்ச்தான் முடிந்தது. அந்த எட்டாவது நாளைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் வைப்பதா விற்பதா என்று கேட்கிறீர்கள். நான் கேட்பது வேறு. “இறங்கு” என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வெற்றி தேவைப்படுகிறவரிடமா, மருத்துவரிடமா? அது மருத்துவரிடம் இருக்கிற அணி வைத்துக்கொள்ளட்டும். இல்லாத அணி தயவுசெய்து விற்றுவிடட்டும். பையனாவது பிழைப்பான்.

வள்ளியூர் ரயில்:

அண்ணாச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பையனே “நான் ஆடுகிறேன்” என்று நின்றால்? 2025 ஜூனில் இந்தியானா அணியின் ஹாலிபர்ட்டனுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு இருந்தது. இறுதிப் போட்டித் தொடர், ஏழாவது மேட்ச். இறங்கினார். முதல் குவார்ட்டரிலேயே குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அடுத்த சீசன் முழுக்கக் கிடையாது.

வண்ணார்பேட்டை சென்டர்:

நானும் “ஆடுகிறேன்” என்றுதான் சொன்னேன், தம்பி. இருபது வயதில் வேறு என்ன சொல்வேன்?

டவுன் தேரடி:

சென்டர் அண்ணாச்சி, உங்கள் பதிவுக்குப் பிறகு நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். “படுத்திருந்தால்” என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் தப்பு. ஆடாமல் இருக்கிறவன் சும்மா இருக்கிறான் என்கிற மாதிரி வருகிறது. திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் வாதத்தை விடவில்லை. பிலடெல்பியா அணியைப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது. எம்பீடை 2014இல் எடுத்தார்கள். பாதத்து எலும்பு. இரண்டு முழு சீசன் உட்காரவைத்தார்கள், மூன்றாவதில் 31 மேட்ச். அப்போது அது தோற்கிற அணி, நாள் இருந்தது, ஆறியது. 2023இல் எம்விபி ஆனார். காலைப்பந்து அண்ணாச்சி சொன்னது அச்சு அசலாக நடந்தது. அப்புறம் அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் முழங்கால் அறுவை சிகிச்சை, ஏப்ரலில் பிளேஆஃப், கோடையில் பாரிஸ் ஒலிம்பிக். அடுத்த சீசனில் 19 மேட்ச். அதற்கு முன்பே புதிய ஒப்பந்தமும் போட்டுவிட்டார்கள்.

அதாவது நீங்கள் சொல்லும் நாளுக்கும் ஒரு முடிவு உண்டு. ஷார்லட் என்றைக்கு நன்றாக ஆடத் தொடங்குகிறதோ அன்றைக்கு அவசரமும் வந்துவிடும். லமெலோ ஆறி வருகிற அன்றே அவர் மேல் முழுப் பாரமும் ஏறும். அதற்கு என்ன ஏற்பாடு?

இன்னொன்று. ஷார்லட்டின் சென்டராக இருந்த மார்க் வில்லியம்ஸ், அவருக்கும் அடிக்கடி அடி. 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் உடற்பரிசோதனையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விலை பேசி முடித்த பிறகு கைநழுவியது. ஜூனில் பீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் “விற்றுவிடு” என்கிறோம், நான் உட்பட. வாங்குகிறவனும் ஸ்கேன் பார்க்கிறான் என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை.

பாளை காலைப்பந்து:

ஏற்பாடு என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அவர் 82 மேட்ச் ஆடுவார் என்ற நினைப்பில் அணி கட்டவே கூடாது. 55, 60 என்று வைத்துக் கட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாளில் மேட்ச் வந்தால் ஒன்றில் இருத்த வேண்டும். பந்தை எடுத்துவர இன்னும் இரண்டு பேர் வேண்டும். பிராண்டன் மில்லர் இருக்கிறார், 2023இல் இரண்டாவது ஆளாக எடுத்தவர், அவரும் 2024-25 சீசனில் மணிக்கட்டு அடியால் 27 மேட்ச்தான். இந்த 2025 டிராஃப்டில் நாலாவது ஆளாக எடுத்த நிப்பல் கூடைக்குள் பந்தை நன்றாகப் போடுகிறார். இவர்களோடு லமெலோ இல்லாத நாளிலும் ஆடத் தெரிந்தால், அவர் இருக்கிற நாளில் அவர் மேல் அவ்வளவு பாரம் ஏறாது. அது நடக்கிறதா என்று இரண்டு சீசன் பார்க்கலாம். 2027 கோடையிலும் அதே கணுக்கால், அதே 40 மேட்ச் என்றால், தேரடித் தம்பி, நானே உன் பக்கம் வந்துவிடுகிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். இடதுகைக்காரன். பார்க்காமலே பாஸ் கொடுப்பான், பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கே தெரியும். ஆறு மாதத்தில் மூன்று தடவை வலது கணுக்கால் சுளுக்கிவிட்டது. எங்கள் தரை சிமெண்ட், கூடைக்குக் கீழே பெயர்ந்த இடத்தில் ஒரு பள்ளம். சாரல் விழுந்தால் அதில் தண்ணீர் தேங்கும். அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது. மற்றப் பையன்கள் “அவன் இல்லாமல் போனால் முதல் மேட்ச்சிலேயே வெளியே வந்துவிடுவோம்” என்கிறார்கள். நேற்று வரை “பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சென்டர் அண்ணாச்சியின் பதிவைப் படித்துவிட்டு, இன்று காலை அவனிடம் இந்தப் போட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மேலப்பாளையம் பிஸியோ:

நல்ல காரியம் செய்தீர்கள். அவனைச் சும்மா உட்காரவைக்காதீர்கள், மனசு விட்டுவிடும். தினமும் வரட்டும். செருப்பில்லாமல் வலது காலில் மட்டும் நிற்கட்டும், முதலில் கண் திறந்து, பிறகு கண்ணை மூடி. கண்ணை மூடினால் ஐந்து வினாடி தாங்க மாட்டான், பாருங்கள். இடது காலோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டும் சமமாக வருகிற வரை குதிக்க விடாதீர்கள். ஒற்றைக் காலில் நின்றபடியே பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடித்தது அதுதானே. சனிக்கிழமை மாலை கூட்டிவந்தால் நான் பார்க்கிறேன், காசு வேண்டாம்.

அந்தப் பள்ளத்தை முதலில் பூசுங்கள்.

களக்காடு வாழை:

சிமெண்ட் மூட்டை நான் தருகிறேன், தம்பி. எத்தனை வேண்டும்?

வண்ணார்பேட்டை சென்டர்:

எந்த மைதானம் என்று தனியாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். பையன் ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிரே நின்று பந்து போட ஒரு ஆள் வேண்டுமே. ஓட முடியாது, நின்று போடுவேன்.